மான் குட்டியைப் படம் எடுக்கலாமா?

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நாம் மான் குட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். காட்டில் அதைப் படம் எடுப்பது பற்றியும் பேசப் போகிறோம்.

"இதில் பேச என்ன இருக்கிறது? கேமராவைத் தூக்கினால் படம் விழுந்துவிட்டுப் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். முன்பெல்லாம் ஊருக்கு ஒரு கேமரா இருந்தால் பெரிது. அதுவும் ஸ்டூடியோக்காரரிடம்தான் இருக்கும். கல்யாணம், திருவிழா என்றால் அவர் வருவார். இன்று அப்படியா? கைபேசி உள்ள எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஆடு மேய்க்கப் போகும் தம்பியிடம் இருக்கிறது. விறகு பொறுக்கப் போகும் அக்காவிடமும் இருக்கிறது. ஆகவே இது நம் எல்லோருக்கும் வேண்டிய பேச்சு.

படம் எடுக்க ஒரு நொடி போதும். ஆனால் அந்த ஒரு நொடிக்காக நாம் பத்து அடி முன்னே வைக்கிறோமே, அந்தப் பத்து அடி ஒரு குட்டியின் உயிரை வாங்கிவிடலாம். அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பன்னிரண்டு கொம்பு மான்

நம் நாட்டின் நடுவில் மத்தியப் பிரதேசம் இருக்கிறது. அங்கே கன்ஹா என்ற பெரிய காடு இருக்கிறது. 1955-ல் அதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1973-ல் அது புலிகள் காப்பகம் ஆனது.

கன்ஹாவில் ஒரு மான் வாழ்கிறது. அதன் பெயர் பாராசிங்கா. இந்தியில் 'பாரா' என்றால் பன்னிரண்டு. 'சிங்கா' என்றால் கொம்புடையது. வளர்ந்த ஆண் மானின் கொம்பில் பத்து முதல் பதினான்கு வரை கிளைகள் இருக்கும். அதனால் இந்தப் பெயர். பெண் மானுக்குக் கொம்பு இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மாநில விலங்கு இதுதான்.

பாராசிங்காவின் முக்கிய உணவு புல். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் உள்ள பாராசிங்காக்கள் சதுப்பு நிலத்தில் வாழ்கின்றன. கன்ஹாவில் உள்ளவை கெட்டித் தரையில் வாழப் பழகியவை. இந்தக் கெட்டித் தரை வகை ஒரு சமயம் உலகிலேயே கன்ஹாவில் மட்டும்தான் மிஞ்சி இருந்தது.

எத்தனை மிஞ்சின தெரியுமா? ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தவை, 1970-ல் 66 ஆகக் குறைந்தன. அறுபத்தாறுதான்! நம் ஊர்ப் பேருந்தில் காலையில் அத்தனை பேர் நெருக்கியடித்துப் போகிறோமே, அந்த அளவுதான். ஒரு முழு இனமும் ஒரு பேருந்து அளவுக்குச் சுருங்கிப் போனது.

ஏன் குறைந்தன? வேட்டை ஒரு காரணம். புல்வெளிகள் வயல்களானது இன்னொரு காரணம். ஏராளமான மாடுகள் மேய்ந்து புல் கட்டையாகிப் போனது. கோடையில் புல்லுக்குத் தீ வைப்பதும் வழக்கமாக இருந்தது. புல் போனால் பாராசிங்காவுக்குச் சாப்பாடு போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்று இருந்தது. குட்டியை ஒளித்து வைக்க இடம் போயிற்று.

பிறகு வனத்துறை பெரும் முயற்சி எடுத்தது. வேலி போட்ட ஒரு பெரிய புல்வெளிக்குள் சில மான்களை விட்டுப் பெருக்கினார்கள். புலியும் செந்நாயும் அதற்குள் வர முடியாது. காட்டுக்குள் இருந்த ஊர்கள் வெளியே மாற்றப்பட்டன. பைகா, கோண்டு மக்கள் வாழ்ந்த ஊர்கள் அவை. அவர்களுடைய வயல்கள் மறுபடியும் புல்வெளி ஆயின. இந்த மான் பிழைத்த கதையைச் சொல்லும்போது, அந்த மக்கள் இழந்த வீடு வாசலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று கன்ஹாவில் பாராசிங்காக்கள் பல நூறாகப் பெருகிவிட்டன. 2015-ல் சில மான்களைச் சாத்புரா காட்டுக்குக் கொண்டு போனார்கள். 2023-ல் பாந்தவ்கர் காட்டுக்கும் கொண்டு போனார்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோய் வந்தாலும் எல்லாம் போய்விடும் அல்லவா? அதற்காகத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 66 என்பது எப்படிப் பல நூறு ஆனது? குட்டிகள் பிறந்து, பிழைத்து, வளர்ந்ததால்தான். ஒவ்வொரு குட்டியும் கணக்கில் வரும். பாராசிங்கா பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். ஆட்டைப் போல இரண்டு, மூன்று போடாது. ஒரு குட்டி போனால் தாயின் அந்த ஆண்டு உழைப்பு முழுவதும் போயிற்று.

தாய் ஏன் தள்ளி நிற்கிறது?

பசு கன்று போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கன்று கொஞ்ச நேரத்தில் எழுந்து தாயோடு நிற்கும். காட்டில் யானைக் கன்றும் அப்படித்தான். பிறந்த அன்றே தாயோடு நடக்கத் தொடங்கிவிடும்.

மான்களில் பலவற்றின் வழக்கம் வேறு. புள்ளிமான், கடமான், பாராசிங்கா எல்லாம் குட்டியை முதல் நாட்களில் மறைத்து வைக்கும். நம் கருப்பு வெள்ளை வெளிமானும் இப்படித்தான் செய்யும். பிறந்த குட்டிக்கு வேகமாக ஓட முடியாது. புலி, சிறுத்தை, செந்நாய், நரி எல்லாம் அதைத் தேடும். அதனால் தாய் ஒரு தந்திரம் செய்கிறது.

ஈனும் நேரம் வந்ததும் தாய் மந்தையை விட்டு விலகிப் போகும். உயரமான புல்லுக்குள் குட்டியை ஈனும். நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும். குட்டியை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும். குட்டியின் சிறுநீரையும் சாணத்தையும்கூட நக்கித் தின்றுவிடும். எதற்காக? வாசனை வெளியே போகக் கூடாது என்பதற்காக.

பிறகு தாய் என்ன செய்யும்? குட்டியைப் படுக்க விட்டுத் தள்ளிப் போய் மேயும். தாயின் உடலில் வாசனை அதிகம். அது பக்கத்திலேயே நின்றால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். அதனால் ஒரு நாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுக்கும். மறுபடியும் தள்ளிப் போய்விடும். ஆனால் அதன் காதும் கண்ணும் குட்டி இருக்கும் பக்கமே இருக்கும்.

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மா அடுப்படியில் வேலை செய்வாள். அவள் தொட்டில் பக்கத்தில் இல்லை என்பதால் அது அநாதைக் குழந்தையா? யாராவது உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் நாம் என்ன சொல்வோம்?

காட்டில் தனியாகக் கிடக்கும் மான் குட்டியும் தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான்.

அசையாமல் கிடப்பதே அதன் காவல்

புல்லில் கிடக்கும் குட்டிக்குக் கொம்பு இல்லை. கூரிய பல் இல்லை. ஓடவும் முடியாது. அதனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அசையாமல் கிடப்பது.

கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். கண்ணைக்கூட இமைக்காதது போலக் கிடக்கும். உடம்பில் உள்ள புள்ளிகள், புல்லின் ஊடே விழும் வெயில் போலத் தெரியும். மூன்று அடி தூரத்தில் நடந்தாலும் தெரியாமல் போய்விடும். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் குட்டிகளை ஆராய்ந்தார்கள். ஆபத்து வரும்போது, ஒளிந்து கிடக்கும் குட்டியின் இதயத் துடிப்பு மிகவும் குறைந்துபோவதைக் கண்டார்கள்.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். குட்டி ஓடவில்லை. நம்மையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. "ஆகா, நம்மைக் கண்டு பயப்படவில்லை! படம் எடுக்க வாகாகக் காட்டுகிறது!" என்று நினைக்கிறோம். கிட்டே போகிறோம். இன்னும் கிட்டே போகிறோம். குனிந்து கைபேசியை நீட்டுகிறோம். சிலர் பக்கத்தில் உட்கார்ந்து தன்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குட்டி பயந்துதான் கிடக்கிறது. பயத்தில் அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நாம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவோம். நடந்து வந்த தடம் புல்லில் விழுந்திருக்கும். புல் மடங்கி வழி தெரியும். நம் வாசனை அங்கே இருக்கும். அந்த வழியே நரி வரலாம். நாய் வரலாம். நாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் தாய் பால் கொடுக்க வராது. தூரத்தில் நின்று தவிக்கும். குட்டி பசியோடு கிடக்கும். சில சமயம் பயம் தாங்காமல் குட்டி எழுந்து ஓடிவிடும். தாய் விட்டுப் போன இடம் ஒன்று. குட்டி இருக்கும் இடம் வேறு. இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஒரு காடு

இது நம் நாட்டில் மட்டும் உள்ள பிரச்சினையா? இல்லை.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. 1872-ல் ஏற்படுத்தியது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். அங்கே எல்க் என்ற பெரிய மான் வாழ்கிறது. பெண் எல்க்கே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். காஷ்மீரில் ஹங்குல் என்ற மான் இருக்கிறது அல்லவா? அதற்கு எல்க் நெருங்கிய சொந்தம்.

எல்க் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் குட்டி போடும். பிறந்த குட்டி சுமார் 15 கிலோ இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி. முதல் இரண்டு மூன்று வாரம் மறைந்தே கிடக்கும். அந்தப் பூங்காவின் அலுவலகங்கள் இருக்கும் இடத்துக்கு மாம்மத் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். அங்கே கட்டடங்களின் பக்கத்திலும், நிறுத்தியிருக்கும் கார்களின் பக்கத்திலும்கூட எல்க் குட்டியை மறைத்து வைக்கும்.

2018 ஜூன் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் அங்கே தாய் எல்க்கிடம் மிதிபட்டார்கள். குட்டி பக்கத்தில் கிடந்தது. தாய் விடுமா? முன்னங்கால்களைத் தூக்கி மனிதர் தலையில் அடித்துவிட்டது. மான் சாதுவான விலங்கு என்று நாம் நினைக்கிறோம். குட்டி போட்ட தாய் எந்த இனத்திலும் சாது அல்ல.

அந்தப் பூங்காவில் ஒரு விதி இருக்கிறது. எல்க்கிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரடி, ஓநாய் என்றால் குறைந்தது 91 மீட்டர். விலங்கு நம்மை நோக்கி வந்தாலும் நாம்தான் பின்னே போக வேண்டும்.

இன்னொரு சம்பவமும் கேளுங்கள். 2023 மே மாதம் அதே பூங்காவில் ஒரு காட்டெருமைக் கன்று மந்தையோடு ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்தது. ஒருவர் இரக்கப்பட்டு அதைக் கையால் தள்ளிக் கரையேற்றினார். சாலைவரை கொண்டு வந்து விட்டார். நல்ல மனசுதான். ஆனால் பிறகு என்ன நடந்தது? கன்றை மந்தையோடு சேர்க்கப் பூங்கா ஊழியர்கள் பல தடவை முயன்றார்கள். மந்தை ஏற்றுக்கொள்ளவில்லை. கன்று கார்களின் பின்னாலும் மனிதர் பின்னாலும் போகத் தொடங்கியது. அது தனக்கும் ஆபத்து, மற்றவர்க்கும் ஆபத்து. கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. உதவி செய்யப் போனவருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது.

இரக்கம் நல்லது. ஆனால் இரக்கத்துக்கும் அறிவு வேண்டும்.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். தாராளமாக எடுக்கலாம். ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்.

ஒளிந்து கிடக்கும் குட்டியை எடுக்காதீர்கள். எழுந்து வந்த குட்டியை எடுங்கள்.

சில வாரம் போனால் குட்டிக்குக் காலில் பலம் வந்துவிடும். தாய் அதை மந்தைக்கு அழைத்து வரும். அப்போது பார்க்க வேண்டும்! குட்டிகள் ஒன்றோடு ஒன்று ஓடும். திடீரென்று துள்ளும். தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் குடிக்கும். பயமின்றி நடமாடும் குட்டியின் படம்தான் அழகான படம். புல்லில் பயந்து கிடக்கும் குட்டியின் படத்தில் அழகு எங்கே இருக்கிறது?

கன்ஹாவில் பாராசிங்கா பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குட்டி போடுகிறது. மழையில் புல் உயர்ந்து நிற்கும் காலம் அது. ஜூலை முதல் செப்டம்பர் முடியும்வரை அந்தக் காட்டுக்குள் சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. திறந்த பிறகு போனால், மெல்ல மெல்ல வெளியே வரும் குட்டிகளைப் பார்க்கலாம். அவசரப்படாதவருக்கு நவம்பர், டிசம்பரில் இன்னும் நன்றாகத் தெரியும்.

எப்படி எடுப்பது? சில குறிப்புகள் சொல்கிறேன்.

முதலில் தூரம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்ட நீண்ட லென்ஸ் இருக்கிறது. இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. 400 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. 400-ஐ 50-ஆல் வகுத்தால் எவ்வளவு? எட்டு. அதாவது, சின்ன லென்ஸில் 10 மீட்டரிலிருந்து எடுக்கும் படத்தை, பெரிய லென்ஸில் 80 மீட்டரிலிருந்தே எடுக்கலாம். குட்டி அதே அளவு பெரிதாகத் தெரியும். 70 மீட்டர் நடக்க வேண்டாம். தாயையும் கலைக்க வேண்டாம்.

பெரிய லென்ஸ் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. கைபேசி மட்டும் இருந்தால், குட்டி படத்தில் சின்னதாகத்தான் விழும். விழட்டும். பெரிய புல்வெளி, காலைப் பனி, நடுவில் ஒரு தாய், அதன் நிழலில் ஒரு சின்னக் குட்டி. அதுவும் நல்ல படம்தான். அது எங்கே வாழ்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் படம்.

இரண்டாவது, வெளிச்சம். சூரியன் எழுந்த ஒரு மணி நேரமும், சாயும் முன் ஒரு மணி நேரமும் நல்ல வெளிச்சம். மான்கள் மேய வருவதும் அப்போதுதான். பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கை நடுக்கம். நீண்ட லென்ஸில் கை கொஞ்சம் ஆடினாலும் படம் கலங்கிவிடும். ஒரு துணிப் பையில் அரிசியோ பயறோ போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஓரத்தில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாயுங்கள். ஆடாது. நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் எடுக்கும்படி கேமராவை வையுங்கள். துள்ளும் குட்டியும் தெளிவாக விழும். குட்டியின் கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும்.

நான்காவது, அமைதி. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கை தட்டுவது, விசில் அடிப்பது, கல் எறிவது எதுவும் கூடாது. "இந்தப் பக்கம் பார்" என்று மானிடம் சொல்ல முடியாது. அது பார்க்கும்போது நாம் எடுக்க வேண்டும். வழிகாட்டியிடம் "இன்னும் கிட்டே போ" என்று நச்சரிக்காதீர்கள். அவர் மறுத்தால் அது நல்லதற்குத்தான்.

ஐந்தாவது, தாயைப் படியுங்கள். நாம் எழுத்தைப் படிக்கக் கற்றோம். தாய் மானையும் படிக்கக் கற்க வேண்டும். அது தலையைக் குனிந்து மேய்கிறதா? சரி, நீங்கள் இருக்கும் தூரம் சரியான தூரம். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? காதுகளை முன்னால் விறைப்பாக வைத்திருக்கிறதா? முன்காலைத் தரையில் தட்டுகிறதா? உரக்கக் குரல் கொடுக்கிறதா? "போதும், பின்னே போ" என்று அது சொல்கிறது. உடனே பின்வாங்குங்கள். படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

ஆறாவது, இடத்தைச் சொல்லாதீர்கள். குட்டி இருக்கும் இடத்தைக் கைபேசியில் எல்லோருக்கும் அனுப்பினால், மறுநாள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். படத்தை அனுப்புங்கள். வழியை அனுப்ப வேண்டாம்.

காத்திருந்த மனிதர்கள்

நம் நாட்டில் காட்டு விலங்குகளைப் படம் எடுத்த முன்னோடிகள் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஆங்கிலேயர் காலத்தில் வட இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். அந்தக் காலத்து அதிகாரிகள் பலர் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனார்கள். இவர் கேமராவோடு போனார். விலங்கு நடக்கும் வழியில் ஒரு கம்பியைக் கட்டி வைப்பார். இரவில் புலியின் கால் அதில் பட்டதும் கேமரா தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். அங்கே மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். 1925-ல் அவருடைய புலிப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வந்து பெயர் பெற்றன.

அந்த யோசனைதான் இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. 2018-ல் நம் நாட்டில் புலிக் கணக்கு எடுத்தபோது 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் கிடைத்தன. புலி மட்டுமா? மானும் குட்டியும் அந்தப் படங்களில் விழுகின்றன. ஒரு விலங்கையும் துரத்தவில்லை.

இன்னொருவர் நம் தமிழ்நாட்டுக்காரர், மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எடுத்தார். பல பகுதிகளைச் சேர்த்துத் தானே கேமரா அமைத்துக்கொண்டார். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் விலங்குகள், பறவைகளைப் பற்றி எழுதினார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

காத்திருந்து பார்த்தவர் இன்னொருவரும் உண்டு. ஜார்ஜ் ஷாலர் என்ற ஆராய்ச்சியாளர் 1963 முதல் 1965 வரை கன்ஹாவில் தங்கினார். மான்களும் புலிகளும் எப்படி வாழ்கின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதினார். மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்ததால்தான் பாராசிங்காவைப் பற்றிப் பல செய்திகள் நமக்குத் தெரிய வந்தன.

இவர்களிடம் பொதுவாக இருந்தது பொறுமை. கேமராவைக் கடையில் வாங்கலாம். பொறுமையை எந்தக் கடையில் வாங்குவது?

நம் வயலில் குட்டி கிடந்தால்?

"நாங்கள் கன்ஹாவுக்கு எங்கே போகப் போகிறோம்? எங்கள் ஊர்ப் பக்கமே காடு இருக்கிறது. வரப்பில் மான் குட்டி கிடந்தால் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் மிக முக்கியமான கேள்வி.

தூக்காதீர்கள். தடவாதீர்கள். பசும்பால் ஊற்றாதீர்கள். சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். வீட்டு நாயைக் கட்டிப் போடுங்கள். அறுவடை நடந்தால் அந்த மூலையை மட்டும் கடைசிக்கு விட்டு வையுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் தாய் வந்து அழைத்துப் போகும். பெரும்பாலும் அந்தி சாய்ந்ததும் வரும்.

யாராவது தெரியாமல் தூக்கி வந்துவிட்டால்? "மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது" என்று சொல்வார்கள். அதை நம்பிக் குட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இது தவறு. கை பட்டது என்பதற்காகவே தாய் மான் குட்டியைக் கைவிட்டுவிடும் என்று சொல்ல முடியாது. தாமதம் செய்யாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எடுத்த இடம் எது என்று சரியாகக் காட்டுங்கள். தாய் அங்கேதான் தேடிக்கொண்டிருக்கும்.

குட்டிக்குக் காயம் இருந்தாலும், தாய் செத்துக் கிடந்தாலும், நாய் கடித்திருந்தாலும் உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். பாராசிங்கா அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காப்புக் காடுகளுக்குள் போகவும், அங்கே படம் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கைபேசிக்கு என்ன விதி, கேமராவுக்கு என்ன கட்டணம் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருப்பார்கள். இப்போதுதான் நமக்குப் படிக்கத் தெரியுமே! நின்று படித்துவிட்டு உள்ளே போங்கள்.

நண்பர்களே, வீட்டில் குட்டியாக வளர்த்த மான் பெரிதானால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். ஆண் மானுக்குக் கொம்பு முளைக்கும். மனிதரைக் கண்டு பயம் இருக்காது. பருவம் வந்ததும் முட்ட வரும். காட்டில் விட்டால் பிழைக்கத் தெரியாது. கடைசியில் அது கூண்டுக்குள்தான் வாழ வேண்டும். ஒரு நாள் ஆசைக்காக ஓர் ஆயுள் சிறை. இது நியாயமா?

முடிவாக ஒரு வார்த்தை

படம் எதற்கு எடுக்கிறோம்? நாம் பார்த்த நல்லதைப் பிறரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. வீட்டில் உள்ள பாட்டிக்குக் காட்டலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 66 ஆகக் குறைந்த ஓர் இனம் மறுபடியும் துள்ளி ஓடுவதை ஒரு படம் காட்டினால், பத்துப் பேருக்குக் காட்டின்மேல் அன்பு வரும். அது பெரிய காரியம்தான்.

ஆனால் நாம் வந்து போனதால் அந்தக் குட்டிக்கு ஒரு வேளைப் பால்கூடக் குறையக் கூடாது. நாம் போன பிறகும் தாய் அதே இடத்தில் மேய வேண்டும். குட்டி அதே இடத்தில் பத்திரமாகக் கிடக்க வேண்டும். அப்படி எடுத்த படம்தான் நல்ல படம்.

புல்லில் ஒரு குட்டி தனியாகக் கிடப்பதைக் கண்டால், கேமராவை இறக்குங்கள். வந்த வழியே திரும்புங்கள். சில வாரம் கழித்து அது தாயோடு வெளியே வரும். அப்போது எடுக்கலாம்.



கலந்து பேசுவோம்

1. தாய் மான் ஏன் குட்டியை விட்டுத் தள்ளி மேய்கிறது?
2. குட்டி அசையாமல் கிடந்தால் அது பயப்படவில்லை என்று சொல்லலாமா?
3. 300 மில்லிமீட்டர் லென்ஸ், 50 மில்லிமீட்டர் லென்ஸைவிட எத்தனை மடங்கு தூரத்திலிருந்து அதே அளவு படம் தரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் ஊர் வயலில் மான் குட்டி கிடந்தால் என்னென்ன செய்வீர்கள்? என்னென்ன செய்ய மாட்டீர்கள்?
5. உங்கள் பகுதி வனத்துறை அலுவலகம் எங்கே இருக்கிறது? அதன் தொலைபேசி எண்ணைக் கேட்டு மையத்தின் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.